நிறுத்தி வைக்கப்பட்டவை

சொற்களைப் போடச் சொல்லி ஒரு கட்டம் காலியாகக் காத்திருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி, போடு, போடு என்றது. திருமூர்த்தி இன்னும் ஒன்றும் போடவில்லை. போடாமல் இருக்கப் போகிறவனும் இல்லை, அது அவனுக்கே தெரியும். சும்மா கொஞ்ச நேரம் போடாமல் இருந்து பார்த்தான், அவ்வளவுதான். இந்தப் பனியன் கம்பெனியின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. இங்கிருந்து வெளியே போகிற எந்த மெயிலும் அவன் எழுதி வைத்த ரூல்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு ரூல் மெயிலின் அடியில் கம்பெனி பெயரை ஒட்டும், ஒன்று வைரஸ் பார்க்கும், ஒன்று பெரிய பெரிய படங்களை அனுப்பி லைனை அடைக்கிறவர்களைத் தடுக்கும். எல்லாம் யாருக்கும் வலிக்காத ரூல்கள். மனிதர்களைப் பிடிப்பதற்கென்று ஒன்றை இன்றைக்குத்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள். எச்.ஆர். மேனேஜர் வித்யாதரன் காலையில் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டாமல், "நம்ம சரக்கு வாங்கற பையர் டீம் ஊர்ல இருக்கு. உள்ள இருந்து யாரோ அவங்களுக்கு மெயில் எழுதப் போறதா காதுல விழுது. அது போகக்கூடாது" என்றார். "சரிங்க சார்" என்றான். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே சொல்லிவிட்டான். அவன் சரிங்க சார் எப்போதும் அரை வாக்கியம் முன்னால் போய் நிற்கும். அப்புறம்தான் எதற்குச் சரி சொன்னோம் என்று தேடுவான். மல்லிகா கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சிரிப்பாள், இப்போது சிரிப்பதில்லை.

சில சொற்களை வித்யாதரன் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஃபயர். டோர். லாக். சேஃப்டி. கம்ப்ளைன்ட். இதில் ஒரு சொல் இருந்தாலும் அந்த மெயிலை சர்வர் வெளியே விடாமல் நிறுத்தி வைக்க வேண்டும், அவருக்கு ஒரு நகல் போக வேண்டும். அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அதுதான் முக்கியம் என்று தனியாக ஒரு வரி. டோர் என்றால் எந்தக் கதவு என்று திருமூர்த்திக்குத் தெரியும். சர்வர் ரூம் இருப்பது அவசர வழிப் படிக்கட்டுக்கு அடியில். இரண்டாவது மாடித் தையல் ஹாலிலிருந்து இறங்குகிற படிக்கட்டு அது, இறங்குவதற்கென்று இருக்கிறதே தவிர யாரும் இறங்கியதில்லை, மேலே கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுத் தொங்குகிறது. தைத்த பீஸ் திருட்டுப் போகிறது என்று பூட்டினார்கள். போன மாதம் அயர்ன் டேபிளில் துணி தீப்பற்றிக்கொண்டு ஹால் முழுக்கப் புகை. அப்போது அவன் இங்கே இதே நாற்காலியில் இருந்தான். மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தான், சீ, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான், அப்புறம் அது கைகள் என்று தெரிந்தது. ஒரு கை இல்லை, நிறையக் கைகள். படியேறிப் போய்ப் பூட்டைப் பிடித்து இழுத்தான். பூட்டு இழுத்தால் வருமா. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் "யாருங் வெளிய, யாருங்" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சாவிக்கு செக்யூரிட்டியைத் தேடி ஓடினான். அதற்குள் உள்ளே யாரோ தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். ஒருத்திக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரி. மற்றபடி ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், அவனும் சொன்னான், வீட்டில்கூட அப்படித்தான் சொன்னான். பூட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும், அதனால் அவன் எட்டிப் பார்ப்பதில்லை.

"யாருங் வெளிய" என்று கேட்டவள் சுகந்தி. செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அதை அவளே பிறகு சொன்னாள், "நீங்கதானுங்களாண்ணா அது, பூட்டை ஆட்டற சத்தம் கேட்டுதுங்க, யாரோ ஒருத்தர் வந்துட்டாங்கன்னு தெம்பா இருந்துச்சு" என்று. தெம்பாம். அன்றிலிருந்து அவனைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அதுதான் தொல்லை. யாராவது நம்மை நல்லவன் என்று நினைத்துவிட்டால் அப்புறம் அவர்கள் எதிரில் டீ குடிப்பதுகூடச் சங்கடம். இன்று காலை கேன்டீனில், வித்யாதரன் கூப்பிடுவதற்கு முன்னால், அவள் டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கண்ணா, தமிழ்ல மெயில் அடிச்சா அந்தப் பக்கம் எழுத்து உடையாமப் போகுங்களா?" "போகும்மா, ஏன் போகாது." "பையர்கிட்ட இருந்து ஒரு அம்மா வந்துருக்கறாங்கல்லங்க. அவங்ககூட வந்த பொண்ணு தமிழ்ப் பொண்ணுதானுங்க. அந்தக் கதவைப் பத்தி எழுதிப் போடலாம்னு இருக்கறன். இங்க சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சுங்க. எம் மெயில்ல இருந்து போனாத்தான் உள்ள வேலை செய்யற ஆளுன்னு நம்புவாங்க." அவன் சுற்றிலும் பார்த்துக்கொண்டு, "நேர்ல சொல்லலாம்ல" என்றான். "ஓட்டல்லதான் தங்கியிருக்கறாங்க, சாயந்தரம் கெளம்பறாங்களாம். பர்மிசன் போட்டுட்டுப் போலாம். ஆனா கேட்டுல எங்க போறன்னு எழுதோணும், ஆளு வுட்டுப் பாப்பாங்க. மெயில்னா பொட்டாட்டம் போயிருமல்லங்க" என்றாள். சத்தமில்லாமல் போய்விடும் என்று அவள் சொன்ன மெயில்தான் இந்தக் கட்டத்துக்கு வந்து சேரப் போகிறது. அவனும் தாராளமாக அனுப்பும்மா என்று சொல்லிவிட்டு மிச்சம் டீயைக் குடித்தான். தாராளமாக என்கிற சொல்லை அவன் வேறு எதற்கும் பயன்படுத்தியதாக நினைவில்லை.

சொல்லிவிடலாமா, இன்டர்காமை எடுத்து, சுகந்தி இன்னைக்கு அனுப்பாதே என்று. இன்டர்காம் பேச்சை ஆப்பரேட்டர் கேட்பாள். மேலே போய்ச் சொல்லலாம். மெயில்காரனுக்குத் தையல் ஹாலில் என்ன வேலை என்று பார்ப்பார்கள், கேமரா இருக்கிறது, கேமராவைப் பொருத்தியதும் அவன்தான். ரூல் போட முடியாது சார் என்று வித்யாதரனிடம் சொல்லலாம். சொல்லலாம். சொன்னால் அவர் கோபப்படக்கூட மாட்டார், பரவாயில்லை என்பார், சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் மெயிலையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மாசாமாசம் வந்து போகிறான், அவனைக் கூப்பிடுவார். அப்புறம் இந்த வயதில் யார் வேலை தருவார்கள், கேபிள் இழுக்கப் போக வேண்டியதுதான். ரூலை அந்தச் சென்னைக்காரன் போட்டுவிடுவான், கதவும் திறக்காது, இவனும் வெளியே. ஆக, போட்டாலும் ஒன்று போடாவிட்டாலும் ஒன்று. இப்படி யோசித்து யோசித்துப் பழகிய மனசு அது, எந்தப் பக்கம் விட்டாலும் சுற்றிச் சுற்றி நாற்காலிக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் அவனுக்கு ஒன்று பட்டது. வித்யாதரன் அனுப்பியது எல்லாம் இங்கிலீஷ் சொல். மெயில் என்றால் இங்கிலீஷ் என்பது அவர் எண்ணம். சுகந்தி எழுதப் போவதோ தமிழில். ஃபயர் என்று தேடுகிற சர்வருக்குத் தீ என்றால் என்ன தெரியும், பக்கத்தில் வைத்தாலும் தெரியாது. சார், தமிழ்ச் சொல்லும் போடட்டுமா என்று கேட்க வேண்டியது இவன் கடமை. கேட்க மாட்டான். அவ்வளவுதான் செய்ய முடியும், ஆனால் அது செய்ய முடிந்தது. உடம்பில் ஒரு சின்னச் சூடு பரவியது. இத்தனை வருடச் சர்வீஸில் முதல்முறையாக ஒரு அநியாயத்தில் ஓட்டை வைக்கிறான், அதுவும் அநியாயத்தைக் கேட்டபடியே செய்து கொடுத்துக்கொண்டே. சொற்களை ஒவ்வொன்றாக அடித்தான். ஃபயர். டோர். லாக். சேஃப்டி. கம்ப்ளைன்ட். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தான், வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற பழக்கம் போகாது. மெயிலின் உடம்பில் தேடு என்று டிக் வைத்தான். மாட்டினால் நிறுத்து. நகல் வித்யாதரனுக்கு. அனுப்பியவருக்குத் தகவல் வேண்டாம். சேமி.

டெஸ்ட் பண்ணிப் பார்த்தான். தன் மெயிலிலிருந்து தன் சொந்த ஜிமெயிலுக்கு ஃபயர் என்று எழுதி அனுப்பினான், நின்றது. வணக்கம் என்று தமிழில் எழுதி அனுப்பினான், போய்விட்டது. கதவு, பூட்டு, தீ, புகார் என்று நாலு சொல்லும் எழுதி அனுப்பினான். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, வந்துவிட்டது. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். கதவு பூட்டு தீ புகார். அவனுக்கு அவனே எழுதிய கடிதம் மாதிரி இருந்தது. ஏசிக் காற்று பிடரியில் அடித்தது, வெளியே திருப்பூர் வெயில் மண்டையைப் பிளக்கும்போது இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் அவன்தான். மேலே மெஷின்கள் ஒரே சீராக இரைந்தன. மத்தியானம் தக்காளி சாதம் என்று மல்லிகா சொன்னாள், மூடியைத் திறந்தால் ரூம் முழுக்க மணக்கும். மகளுக்குக் காலேஜ் பஸ் நேரம் மாறியிருக்கிறதாம், கேட்க வேண்டும். சுகந்தி இந்நேரம் அடித்துக்கொண்டிருப்பாள். ஒற்றை விரலால்தான் அடிப்பாள் என்று நினைத்தான். அவள் மெயில் ஒவ்வொரு ரூலாகத் தாண்டிக்கொண்டு வரும், இந்த ரூல் அதை முன்னும் பின்னும் பார்க்கும், ஒன்றும் புரியாது, போ என்று விட்டுவிடும். இதை அவளிடம் என்றைக்காவது சொல்லலாம். சொல்ல வேண்டாம், அது பெருமை அடித்துக்கொள்வதாகிவிடும். வேறு யாராவது அவளிடம் சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் வேறு யாருக்கும் தெரியாதே. கண்ணை மூடிக்கொண்டான். தப்பித்துவிட்ட ஒரு சுகம், பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்தவன் மாதிரி.

இன்டர்காம் அடித்தது. இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான மெயில் அனுப்பினால் உடனே திருமூர்த்திக்குப் போன் போட்டுப் போய்விட்டதா என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் போய்விட்டது என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள், அவன் சொன்னால்தான் போனது. "திருமூர்த்தி, துறைமுகத்துக்கு அனுப்பிச்ச பேப்பர் போயிருச்சா பாரு, அங்க வரலைங்கறான்" என்றது ஷிப்பிங். பார்க்கறேன் என்று வைத்தான். மறுபடி அடித்தது, மெர்ச்சன்டைசிங். மறுபடி, அக்கவுன்ட்ஸ். மெயில் எதுவும் போகவில்லை. நிறுத்தி வைத்தவற்றைத் திறந்து பார்த்தால் ஒரே கும்பல், எல்லா செக்‌ஷன் மெயிலும் அங்கே நின்றது, கோவில் விசேஷத்தில் செருப்பு விடும் இடம் மாதிரி. எதற்கு நின்றது. ஒன்றைத் திறந்தான். துறைமுகத்துக்குப் போகிற மெயில், பெட்டி எண்ணிக்கை, கப்பல் பெயர், ஃபயரும் இல்லை டோரும் இல்லை. கீழே வந்தான். கீழே கம்பெனி பெயர், முகவரி, அதற்கும் கீழே நாலு வரி இங்கிலீஷ். எல்லா மெயிலுக்கும் அடியில் தானாக ஒட்டிக்கொள்கிற நாலு வரி. எங்கள் சரக்கிலோ சேவையிலோ ஏதேனும் கம்ப்ளைன்ட் இருந்தால் தயங்காமல் எங்களுக்கு எழுதுங்கள். அதை எழுதியது அவன்தான். முதலாளி நாலு வரி கேட்டபோது நாலைந்து நாள் யோசித்து, டிக்‌ஷனரி பார்த்து, மகளிடம் படித்துக் காட்டி எழுதியது. அவன் எழுதியவற்றில் ஊர் உலகமெல்லாம் போனது அது ஒன்றுதான், யாரும் படித்ததில்லை என்றாலும். ஒட்டுகிற ரூல் முதலில் நிற்கிறது, பிடிக்கிற ரூல் அதற்குப் பின்னால். முதலில் ஒட்டிவிட்டு, ஒட்டியதைப் பார்த்து அடுத்தது பிடித்துக்கொள்கிறது. டெஸ்டில் ஏன் தெரியவில்லை என்றால், அவன் மெயிலுக்கு மட்டும் அந்த நாலு வரி ஒட்டாது. டெஸ்ட் பண்ணும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று தனக்குத் தானே விலக்குக் கொடுத்து வைத்திருந்தான். முட்டாள், முட்டாள் என்று வாய்விட்டுச் சொன்னான். அப்புறம்தான், ஏன் முதலிலேயே தோன்றவில்லையோ, பெயர்களை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். சுகந்தி. செக்கிங். நின்றது.

தமிழில்தான் எழுதியிருந்தாள். எழுத்து உடையவில்லை. ஐயா அம்மா என்று ஆரம்பித்து, இரண்டாவது மாடியில் இவ்வளவு பெண்கள் வேலை செய்கிறோம் என்று. அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. ஒரு இங்கிலீஷ் சொல் இல்லை அதில். அவன் நாலு வரியைத் தவிர. ஓட்டை வைத்தவனே அதை அடைத்துவிட்டான், தெரியாமல், அதனால் என்ன, தெரியாமல் என்றால் கதவு திறந்துகொள்ளுமா. வித்யாதரனுக்கு நகல்கள் போயிருக்கும், எல்லாமே போயிருக்கும், அந்தக் கும்பலில் இதுவும். இப்போதே இதை மட்டும் விட்டுவிடலாம். ஒரு கிளிக். ஆனால் எந்த மெயிலை யார் எப்போது விட்டார்கள் என்று சர்வர் குறித்து வைத்துக்கொள்ளும், அவன் பெயர், தனியாக இது ஒன்று. எல்லாவற்றையும் மொத்தமாக விட்டால் யாரும் கேட்க முடியாது, தவறு நடந்துவிட்டது, திருத்தினேன், போய்விட்டது. மொத்தமாக விடச் சொல்லி அவர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். வருமா. வரும், ஷிப்பிங் நின்றால் முதலாளி இவரை விடமாட்டார். இன்டர்காம் அடித்தது, அவர்தான். "என்ன திருமூர்த்தி, ஊர் மெயிலெல்லாம் என் தலையில வந்து கொட்டுது." "ரூல் வரிசை கொஞ்சம் முன்னபின்ன ஆயிருச்சுங்க சார். நின்னதெல்லாம் ஒட்டுக்கா விட்டர்றனுங்க, அப்புறம் சரி பண்ணிக்கறன்." "விட்டுடுங்க, விட்டுடுங்க. ஷிப்பிங்காரன் என் ரூம்ல வந்து உக்காந்திருக்கான்." வந்துவிட்டது. விட்டுடுங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது, அம்புக்குறி பொத்தான்மேல் இருந்தது, விரல் மவுஸ்மேல் இருந்தது. "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்றார் வித்யாதரன்.

இருந்தான். விரலை அழுத்தியிருக்கலாம். விட்டுடுங்க என்று அவரே சொல்லிவிட்டார், ஒரு நிமிஷம் என்றது அப்புறம்தான், அழுத்திவிட்டேன் சார், நீங்கள் சொன்னதும் அழுத்திவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அவர் ஒன்றும் செய்திருக்க முடியாது. ரிசீவரில் அவர் மூச்சு கேட்டது, மவுஸை உருட்டுகிற சத்தம் கேட்டது. அழுத்து. அழுத்துடா. விரல் அவனுடையது இல்லை போல இருந்தது. யாராவது இரு என்று சொன்னால் இருக்கிற விரல் அது, ஸ்கூலில் கை நீட்டு என்றால் நீட்டிக்கொண்டே நின்ற கை, வாத்தியார் பிரம்பைத் தேடப் போயிருக்கும்போதுகூட மடக்காமல் நின்ற கை. அவனுக்கு அழுகை வந்தது, இந்த நேரத்தில் போய் அழுகை. "இது யாரு, சுகந்தி. செக்கிங்ல இருக்கே அந்தம்மாவா?" என்றார் வித்யாதரன். கோபமே இல்லாத குரல். "தமிழ்ல எழுதியிருக்காங்க பாருங்க. நான் அதை யோசிக்கவே இல்ல. நல்லவேளை நீங்க தமிழும் புடிக்கற மாதிரி போட்டிருக்கீங்க." "இல்லீங்க சார், அது..." "இது மட்டும் இருக்கட்டும். மத்ததை விட்டுடுங்க. அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம், நான் பேசிக்கறேன்." "சரிங்க சார்" என்றான். ஒரு டிக்கை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். கும்பல் மொத்தமும் போய், அந்த ஒரு வரி மட்டும் திரையில் நின்றது.

அது நிற்கிறவரை அவன் எங்கும் எழுந்து போக முடியாது என்று தோன்றியது. ரூல்களின் வரிசையை மாற்றினான், பிடிக்கிற ரூலை மேலே ஏற்றி ஒட்டுகிற ரூலைக் கீழே இறக்கினான், சரியாகிவிட்டது, இனிமேல் தமிழில் எழுதினால் தாராளமாகப் போகும். இனிமேல் யார் எழுதப் போகிறார்கள். மேலே மெஷின் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது, கரண்ட் மாறியிருக்கும். நேரில் போ என்று சுகந்தியிடம் சொல்லிவிடலாம். இப்போதே போ, பர்மிஷன் கேட்காதே, அப்படியே இறங்கிப் போ. பையர் அம்மா சாயந்தரம்தானே கிளம்புகிறாள், நேரம் இருக்கிறது. வித்யாதரன் சொல்லக்கூடாது என்றது மெயில் நின்றதைத்தான், நேரில் போகச் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே. இப்படி ஒரு சந்து கிடைத்ததும் மனசு அதில் தலையை நுழைத்துப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்டர்காம் அடித்தது. எடுக்கும் முன்பே யார் என்று தெரிந்தது.

"அண்ணா, நான் சுகந்தி பேசறனுங்க. அதை அனுப்பிச்சுட்டனுங்க. கொஞ்சம் நேரம் ஆச்சு. நடுவுல மெயிலே போகலைன்னு எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க, அதான் பயந்துட்டன். போயிருச்சுங்களா?" ஆப்பரேட்டர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்காமலும் இருக்கலாம். அவன் திரையைப் பார்த்தான். "பாக்கறம்மா" என்றான், பார்த்துக்கொண்டே. அவளுக்குப் பின்னால் யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தமும் கத்தரி சத்தமும் கேட்டன. போகலை என்று தொடங்கத்தான் நினைத்தான், நிஜமாகவே அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. "போயிருச்சும்மா." "போயிருச்சுங்களா?" "ம். போயிருச்சு." அவள் பெருமூச்சு விட்டது காதில் சுட்டது. "அப்பாடா. நீங்க சொன்னாச் செரிங்கண்ணா. ஒத்தை வெரல்லயே அடிச்சு முடிச்சனுங்க. போகலைன்னா மத்தியானத்துக்கு மேல பர்மிசன் போட்டுட்டு ஓட்டலுக்கே போயர்லாம்னு எங்ககூட வேலை செய்யற மரகதத்தையும் கூட்டு வெச்சிருந்தன். அவளும் சீலையெல்லாம் மாத்திட்டு நிக்கறா. அப்ப நேர்ல போறதை விட்டர்றனுங்களாண்ணா?"

"விட்டுரும்மா" என்றான் திருமூர்த்தி.